'எனக்குத் தலையே சுற்றவில்லை' என்பது பெருமையா?

மாணவர்களே, உங்களில் பலர் இந்தக் காட்சியைப் பார்த்திருப்பீர்கள். பள்ளி முடிந்து பேருந்துக்குக் காத்திருக்கும் நேரம். கடைவரிசைக்குப் பின்னால் நான்கு பேர் நிற்கிறார்கள். பேனா அளவுள்ள ஒரு வேப் கருவி கைமாறுகிறது. முதலாமவன் இருமுகிறான். இரண்டாமவனுக்குத் தலை சுற்றுகிறது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓரமாக உட்கார்ந்துவிடுகிறான். மூன்றாமவன் நான்கைந்து இழுப்பு இழுத்துவிட்டு, "எனக்கு ஒண்ணுமே ஆகலையே!" என்று சிரிக்கிறான். மற்றவர்கள் அவனைக் கில்லாடி என்கிறார்கள். உட்கார்ந்துவிட்டவனுக்கு அன்று முழுவதும் கேலி. நான்காமவன் வேண்டாம் என்று தலையாட்டிவிட்டதால் அவனை யாரும் கவனிக்கவில்லை.

இந்தக் கட்டுரையை அந்த மூன்றாமவனை நினைத்துத்தான் எழுதுகிறேன். நால்வரில் நாம் அதிகம் கவலைப்பட வேண்டியவன் அவன்தான் என்பது என் கருத்து. அதற்கான காரணத்தைச் சொல்ல, மூளைக்குள்ளும் மரபணுவுக்குள்ளும் கொஞ்சம் போய்வர வேண்டும்.

அதற்குமுன் ஒரு கணக்கு. நம் நாட்டில் 2022-இல் நடந்த தேசிய இளையோர் சுகாதார ஆய்வின்படி, 13 முதல் 17 வயது வரையிலான மாணவர்களில் 14.9 விழுக்காட்டினர் வேப் பயன்படுத்துகிறார்கள். 2017-இல் இது 9.8 விழுக்காடாக இருந்தது. சாதாரண சிகரெட் புகைக்கும் மாணவர்கள் இதே காலத்தில் 13.8-இலிருந்து 6.2 விழுக்காடாகக் குறைந்தார்கள். சிகரெட்டை விட்டார்களே என்று மகிழ்வதற்கு முன் யோசியுங்கள். நிக்கோட்டின் வேறு வாசல் வழியாக வகுப்புக்குள் வந்திருக்கிறது.

நிக்கோட்டின் என்பது புகையிலைச் செடி பூச்சிகளை விரட்டத் தனக்காகத் தயாரித்துக்கொண்ட நஞ்சு. அது நம் மூளையில் வேலை செய்வதற்குக் காரணம் ஓர் உருவ ஒற்றுமை. நம் நரம்பணுக்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ள அசெட்டைல்கோலின் என்ற வேதிப்பொருளைப் பயன்படுத்துகின்றன. ஒரு நரம்பணு அதை வெளியிடும். அடுத்த நரம்பணுவின் மேற்பரப்பில் அதை வாங்கிக்கொள்ளும் புரதம் இருக்கும். இந்தப் புரதத்துக்குத்தான் ஏற்பி என்று பெயர். பூட்டும் சாவியும்போல என்று உங்கள் உயிரியல் ஆசிரியர் சொல்லியிருப்பார். நிக்கோட்டின் இந்தப் பூட்டுக்குள் நுழையும் கள்ளச்சாவி. அசெட்டைல்கோலின் வேலை முடிந்ததும் ஒரு நொதியால் உடனே உடைக்கப்பட்டுவிடும். நிக்கோட்டினை அந்த நொதியால் தொட முடியாது. ஆகவே சாவி பூட்டிலேயே தங்கிவிடுகிறது. ஏற்பிகள் முதலில் கிளர்ந்து, பிறகு மரத்துப்போகின்றன. தொடர்ந்து புகைப்பவரின் மூளையில் இந்த ஏற்பிகளின் எண்ணிக்கையே கூடிவிடுகிறது. காலையில் எழுந்ததும் அத்தனை ஏற்பிகளும் காலியாக இருக்கும்போது வரும் எரிச்சலையும் தவிப்பையும், புகைக்கும் பெரியவர்களிடம் நீங்கள் பார்த்திருக்கலாம்.

இந்த ஏற்பி ஒற்றைத் துண்டால் ஆனதில்லை. ஐந்து துண்டுகள் வளையமாகச் சேர்ந்து நடுவில் ஒரு துளையை விட்டு நிற்கும். ஒவ்வொரு துண்டையும் எப்படிச் செய்வது என்று சொல்லும் செய்முறைக் குறிப்புதான் அதற்குரிய மரபணு. எந்தத் துண்டுகள் சேர்கின்றன என்பதைப் பொறுத்து ஏற்பியின் குணம் மாறும். ஆல்ஃபா4, பீட்டா2 என்ற துண்டுகள் சேர்ந்தது, மூளையின் நடுப்பகுதியில் இருந்துகொண்டு டோபமினைச் சுரக்கவைக்கும். டோபமினை 'இன்ப வேதிப்பொருள்' என்று எல்லாரும் எழுதுகிறார்கள். அது சரியான பெயர் என்று எனக்குத் தோன்றவில்லை. "இதைக் குறித்துவைத்துக்கொள், மறுபடியும் செய்" என்று மூளைக்கு உத்தரவிடுவதுதான் அதன் முக்கிய வேலை. இழுத்த சில விநாடிகளில் நிக்கோட்டின் மூளையை எட்டிவிடுவதால், எந்தச் செயலுக்கு இந்தப் பாராட்டு என்பதில் மூளைக்குக் குழப்பமே வருவதில்லை.

இதுவரை சொன்னது வேக மிதி. நம் கதைக்கு முக்கியம் தடை மிதி.

2008-இல் உலகின் மூன்று வெவ்வேறு ஆய்வுக் குழுக்கள் ஏறக்குறைய ஒரே நேரத்தில் ஒரே இடத்தைச் சுட்டிக்காட்டின. நம் 15-ஆவது குரோமோசோமில் ஆல்ஃபா5, ஆல்ஃபா3, பீட்டா4 ஆகிய மூன்று ஏற்பித் துண்டுகளுக்கான மரபணுக்கள் பக்கத்துப் பக்கத்து வீடுகள்போல அமைந்திருக்கின்றன. அந்தப் பகுதியில் உள்ள ஒரு மாற்றம் நுரையீரல் புற்றுநோயோடும், ஒருவர் எவ்வளவு புகைக்கிறார் என்பதோடும் தொடர்புள்ளது என்று கண்டார்கள். அங்குள்ள மாற்றங்களில் முக்கியமானது ஆல்ஃபா5 துண்டில் இருக்கிறது. அந்தப் புரதத்தின் 398-ஆவது இடத்தில் இருக்கவேண்டிய ஓர் அமினோ அமிலத்துக்குப் பதிலாக வேறொன்று வந்துவிடுகிறது. நீண்ட புரதச் சங்கிலியில் ஒரே ஒரு மணி மட்டும் மாறியிருக்கிறது. அந்த மாற்றம் உள்ள ஏற்பி நிக்கோட்டினுக்கு மந்தமாகவே பதில் சொல்கிறது.

மந்தமாகப் பதில் சொன்னால் நல்லதுதானே, நிக்கோட்டின் பிடிக்காமல் போகுமே என்று நீங்கள் கேட்கலாம். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். விடை 2011-இல் எலிகளிடமிருந்து கிடைத்தது. அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் ஸ்கிரிப்ஸ் ஆய்வு நிலையத்தில் கிறிஸ்டி ஃபவ்லர், பால் கென்னி ஆகியோரும் அவர்களுடைய குழுவினரும் சுண்டெலிகளை ஒரு நெம்புகோலை அழுத்தி நிக்கோட்டின் பெற்றுக்கொள்ளப் பழக்கினார்கள். சாதாரண எலிகள் குறைந்த அளவு நிக்கோட்டினை விரும்பின. அளவு கூடியபோது அவை தாமாகவே குறைத்துக்கொண்டன. ஆல்ஃபா5 மரபணு நீக்கப்பட்ட எலிகளும் குறைந்த அளவை அதேபோல் விரும்பின. ஆனால் அளவைக் கூட்டியபோதும் அவை நிறுத்தவில்லை, இழுத்துக்கொண்டே இருந்தன. அவற்றுக்கு ஆசை அதிகமாகிவிடவில்லை. 'போதும்' என்ற குரல்தான் கேட்கவில்லை.

அந்தக் குரல் எங்கிருந்து வருகிறது என்பதையும் அவர்கள் கண்டுபிடித்தார்கள். மூளையின் உள்ளே ஹபெனுலா என்ற சிறு பகுதி இருக்கிறது. அங்கு மட்டும் ஆல்ஃபா5 மரபணுவைத் திருப்பிச் சேர்த்தபோது அந்த எலிகளும் போதும் என்று நிறுத்தக் கற்றுக்கொண்டன. ஹபெனுலா என்ற இலத்தீன் சொல்லுக்குச் 'சிறு வார்' அல்லது 'சிறு கடிவாளம்' என்று பொருள். வடிவத்தைப் பார்த்து வைத்த பெயர்தான். ஆனாலும் இத்தனை பொருத்தமாக ஒரு பெயர் அமைவது அபூர்வம்.

இப்போது கடைவரிசைக்குப் பின்னால் திரும்பி வாருங்கள். தலை சுற்றி உட்கார்ந்தவனின் கடிவாளம் வேலை செய்தது. குமட்டலும் தலைச்சுற்றலும் நஞ்சை அடையாளம் கண்டுகொண்ட உடல் அனுப்பும் செய்தி. "ஒண்ணும் ஆகலையே" என்றவனுக்கு அந்தச் செய்தி போய்ச் சேரவில்லை. காரணம் பல இருக்கலாம். அவன் குறைவாக இழுத்திருக்கலாம், அதில் நிக்கோட்டின் குறைவாக இருந்திருக்கலாம், முன்பே பழகியிருக்கலாம். ஆனால் அவனது கடிவாளம் பிறவியிலேயே தளர்வாக இருக்கவும் வாய்ப்பு உண்டு. அந்த ஆல்ஃபா5 மாற்றம் உள்ள மனிதர்களுக்கு நிக்கோட்டினைச் செலுத்திப் பார்த்த சோதனைகளும், அவர்களுக்கு வேண்டாத உணர்வுகள் குறைவாக வருவதையே காட்டுகின்றன. நண்பர்கள் வீரம் என்று கைதட்டியது, ஒருவேளை தடை இல்லாத வண்டியைப் பார்த்தாக இருக்கலாம்.

அடுத்தது அவசரபுத்தி. 'ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு' என்று நம் வீட்டுப் பெரியவர்கள் திட்டுவார்கள். அறிவியலாளர்கள் அதை அளக்கிறார்கள். "இன்று 10 ரிங்கிட் வேண்டுமா, ஒரு மாதம் கழித்து 20 ரிங்கிட் வேண்டுமா?" என்று பலமுறை தொகையையும் நாளையும் மாற்றி மாற்றிக் கேட்பது ஒரு வழி. புகைப்பவர்கள் சராசரியாகச் சின்னத் தொகையை உடனே வாங்கிக்கொள்ளும் பக்கம் சாய்கிறார்கள். எலிகளுக்கு வேறு சோதனை. விளக்கு எரியும்வரை காத்திருந்து, எரிந்த துளையில் மூக்கை நுழைத்தால் உணவு. சில எலிகளால் காத்திருக்கவே முடியாது. விளக்கு எரியுமுன்பே மூக்கை நீட்டிவிடும். வகுப்பில் கேள்வி முடியுமுன் கையைத் தூக்கும் நண்பன் நினைவுக்கு வருகிறானா?

2007-இல் கேம்பிரிட்ஜில் ஜெஃப்ரி டாலி குழுவினர் இப்படிப்பட்ட அவசர எலிகளின் மூளையைப் படம் எடுத்துப் பார்த்தார்கள். டோபமினை வாங்கிக்கொள்ளும் டி2, டி3 வகை ஏற்பிகள் மூளையின் ஒரு பகுதியில் அவற்றுக்குக் குறைவாக இருந்தன. அதுவும், எந்தப் போதைப்பொருளையும் அவை தொடுவதற்கு முன்பே! பிறகு கொக்கெய்ன் கிடைத்தபோது அந்த எலிகளே அதை அதிகம் எடுத்துக்கொண்டன. அடுத்த ஆண்டு ஆம்ஸ்டர்டாமில் நடந்த ஆய்வில் நிக்கோட்டினுக்கும் இதே போக்கு தெரிந்தது. காத்திருக்க முடியாத எலிகள் நிக்கோட்டினுக்காக அதிகம் உழைத்தன. ஆக, அவசர இயல்பு முதலில் வந்தது, பழக்கம் பிறகு வந்தது. பிறவி இயல்பில் ஒரு பகுதியாவது ஏற்பிகளில் எழுதியிருக்கிறது.

இந்த இடத்தில் நிறுத்தினால் நான் உங்களுக்குப் பெரிய தீங்கு செய்தவனாவேன். ஏனெனில் இதைப் படிக்கும் ஒருவர், "என் அப்பா புகைப்பார், தாத்தாவும் புகைத்தார், எனக்கும் அவசரபுத்தி. எல்லாம் மரபணு, என்ன செய்ய முடியும்?" என்று முடிவுகட்டிவிடக்கூடும். இன்னொருவர், "எங்கள் குடும்பத்தில் யாருக்கும் அந்தப் பழக்கம் இல்லை, எனக்கு ஒன்றும் ஆகாது" என்று துணிந்துவிடக்கூடும். இரண்டும் தவறு. இந்தத் தவறு புதிதுமல்ல.

ரொனால்ட் ஃபிஷர் என்ற பெயரைப் புள்ளியியல் படிக்கப்போகிறவர்கள் தவறாமல் சந்திப்பீர்கள். நவீன புள்ளியியலையும் மரபியலையும் கட்டியெழுப்பியவர்களில் ஒருவர். புகைபிடிப்பதற்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பை 1950-இல் டோல், ஹில் என்ற பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். ஃபிஷர் அதை ஏற்கவில்லை. புகைக்கத் தூண்டும் அதே மரபணு புற்றுநோயையும் உண்டாக்கலாமே, பாவம் புகை என்ன செய்யும் என்பது அவர் வாதம். உருவொத்த இரட்டையர்கள் புகைக்கும் பழக்கத்திலும் அதிகம் ஒத்திருப்பதை 1958-இல் சான்றாகக் காட்டினார். அவர் சுங்கான் புகைப்பவர். புகையிலை உற்பத்தியாளர்களுக்கு ஆலோசகராகவும் இருந்தார் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

வேடிக்கை என்னவென்றால், அரை நூற்றாண்டுக்குப் பிறகு 2008-இல் கிடைத்த மரபணு உண்மையிலேயே புகைப்பழக்கத்தோடும் புற்றுநோயோடும் சேர்ந்தே தெரிந்தது. அப்படியானால் ஃபிஷர் சொன்னது சரியா? புகைக்காதவர்களைத் தனியே எடுத்துப் பார்த்தபோது விடை தெளிவானது. அதே மாற்றத்தைச் சுமந்தும் ஒருபோதும் புகைக்காதவர்களுக்கு, அந்த மாற்றத்தால் நுரையீரல் புற்றுநோய் கூடுவதாகத் தெளிவான சான்று இல்லை. அந்த மரபணுவின் கெடுதல் புகை வழியாகத்தான் பெரும்பாலும் வருகிறது. அந்த மாற்றம் உள்ளவர் ஆழமாக, அதிகமாகப் புகைக்கிறார். அதனால் நுரையீரல் கெடுகிறது. நிக்கோட்டின் வராத வீட்டில் அந்த மரபணு தன் பாட்டுக்கு உறங்கிக்கொண்டிருக்கும்.

இதற்கு ஸ்வீடனிலிருந்து அழகான சான்று ஒன்று இருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்த ஆய்வுகளில் இதுவும் ஒன்று. கென்னத் கென்ட்லர் குழுவினர் 2000-ஆம் ஆண்டில் ஸ்வீடிஷ் இரட்டையர்களின் புகைப்பழக்கத்தை ஆராய்ந்தார்கள். ஆண்களிடம் மரபின் பங்கு சுமார் 60 விழுக்காடு. பெண்களிடம் அது பிறந்த ஆண்டைப் பொறுத்து மாறியது! 1925-க்கு முன் பிறந்த பெண்களிடம் மரபின் பங்கு ஏறத்தாழ ஏதும் தென்படவில்லை. 1940-க்குப் பிறகு பிறந்த பெண்களிடம் அது ஆண்களின் அளவுக்கு உயர்ந்துவிட்டது. பதினைந்து இருபது ஆண்டுகளில் ஒரு நாட்டுப் பெண்களின் மரபணுக்கள் மாறிவிட்டனவா? மாறவில்லை. பாட்டிமார் காலத்தில் பெண் புகைத்தால் ஊர் பேசும். அதனால் யாருக்கு என்ன மரபணு இருந்தது என்பதே வெளியில் தெரியவில்லை. பேத்திமார் காலத்தில் தடை விலகியது, சிகரெட் கைக்கெட்டியது, மரபணு விழித்துக்கொண்டது.

'மரபின் பங்கு பாதி' என்று செய்தியில் படிக்கும்போதெல்லாம் இதை நினைத்துக்கொள்ளுங்கள். அது உங்கள் உடம்பில் பொறித்த எண் இல்லை. ஒரு காலத்தில், ஓர் ஊரில், எல்லாருக்கும் என்ன கைக்கெட்டுகிறது என்பதையும் சேர்த்து வந்த எண். இன்னொன்று: நான் மேலே சொன்ன ஆல்ஃபா5 மாற்றம் ஐரோப்பிய வம்சாவளியினரிடம் பரவலாக இருக்கிறது, கிழக்காசிய மக்களிடம் அரிது. ஆனால் சீனாவில் வயதுவந்த ஆண்களில் ஏறக்குறைய பாதிப்பேர் புகைப்பவர்கள்.

மரபணுவின் பலத்தையும் சரியாக எடைபோட வேண்டும். ஆல்ஃபா5 மாற்றத்தின் ஒரு பிரதி இருந்தால், புகைப்பவர் ஒருவர் சராசரியாக நாளுக்குச் சுமார் ஒரு சிகரெட் கூடுதலாகப் புகைக்கிறார். அவ்வளவுதான். புகைப்பவர்களுக்கிடையே உள்ள அளவு வேறுபாட்டில் அது விளக்குவது சுமார் ஒரு விழுக்காடு. இதுதான் புகைப்பழக்கத்தில் இதுவரை கிடைத்தவற்றுள் மிக வலுவான தனி மாற்றங்களில் ஒன்று! 1990-இல் டி2 ஏற்பி மரபணுவுக்கு அருகே குடிப்பழக்கத்துக்கான அடையாளம் கிடைத்துவிட்டதாக அமெரிக்காவில் பரபரப்பான அறிவிப்பு வந்தது. ஆராயப்பட்டவர்கள் வெறும் 70 பேர். பிறகு பலர் திரும்பச் செய்து பார்த்தபோது அந்தத் தொடர்பு சில இடங்களில் தெரிந்தது, பல இடங்களில் காணாமல் போனது. 2004-இல், அந்த அடையாளம் டி2 மரபணுவுக்குள்ளேயே இல்லை, பக்கத்து மரபணுவில் இருக்கிறது என்றும் தெரியவந்தது. 2019-இல் 12 லட்சம் பேரின் மரபணுத் தகவல்களை வைத்துச் செய்த பெரிய ஆய்வு, புகையோடும் மதுவோடும் தொடர்புள்ள 400-க்கும் மேற்பட்ட இடங்களைக் காட்டியது. டி2 பகுதியும் அதில் இருக்கிறது, நூற்றுக்கணக்கானவற்றில் ஒன்றாக. எனவே, எச்சிலைக் கொடுங்கள், உங்கள் பிள்ளைக்குப் போதைப் பழக்கம் வருமா, அவசரபுத்தி வருமா என்று சொல்கிறோம் என எந்த விளம்பரமாவது உங்கள் பெற்றோரை அணுகினால், அந்தப் பணத்துக்கு நல்ல புத்தகங்கள் வாங்கித் தரச் சொல்லுங்கள்.

சரி, மரபணு இத்தனை சிறியதைத்தான் செய்கிறது என்றால் மூன்றாமவனைப் பற்றி ஏன் கவலைப்பட வேண்டும்? அவனிடம் தளர்ந்திருப்பது ஒரு கடிவாளம் மட்டுமில்லை என்பதால்தான்.

பழைய காலத்துச் சிகரெட்டில் தொண்டையே ஒரு காவலாளி. புகை காறும், இருமல் வரும். அதிகமான நிக்கோட்டினை யாராலும் எளிதில் உள்ளே இழுத்துவிட முடியாது. வேப் திரவங்கள் பலவற்றில் இப்போது இருப்பது நிக்கோட்டின் உப்பு. நிக்கோட்டினோடு பென்சோயிக் அமிலம் போன்ற ஓர் அமிலத்தைச் சேர்த்தால் அதன் காரத்தன்மை குறைந்து தொண்டைக்கு இதமாகிவிடும். உங்கள் வேதியியல் பாடத்தில் வரும் அமில-கார வினைதான் இது. அமெரிக்காவில் 2015-இல் வந்த ஜூல் கருவி இந்த உத்தியால்தான் ஒரு மில்லிலிட்டரில் 50 மில்லிகிராமுக்கும் மேற்பட்ட நிக்கோட்டினை இளையோரின் நுரையீரலுக்குள் இதமாக இறக்கியது. ஐரோப்பிய ஒன்றியம் அனுமதிக்கும் உச்ச அளவு 20 மில்லிகிராம். மாம்பழ வாசனையும் குளிர்ச்சியும் சேர்ந்தால் காவலாளி தூங்கியே போவார். முதல் தடையைத் தொழிற்சாலை கழற்றிவிட்டது. இரண்டாவது தடை ஹபெனுலா. சிலருக்கு அது பிறவியிலேயே தளர்வு. மூன்றாவது, நெற்றிக்குப் பின்னால் இருக்கும் மூளையின் முன்பகுதி. 'பொறு, யோசி' என்று சொல்வது அதன் வேலை. அது முழுமையாக முதிர ஏறக்குறைய 25 வயதாகும். படிவம் நான்கில் படிக்கும் ஒருவருக்கு அது இன்னும் கட்டுமானத்தில் இருக்கும் வீடு.

கட்டுமானத்தின்போது நிக்கோட்டின் உள்ளே போனால் என்ன ஆகும் என்பதையும் எலிகளிடம் பார்த்திருக்கிறார்கள். ஆம்ஸ்டர்டாம் ஆய்வாளர்கள் 2011-இல் வெளியிட்ட முடிவு இது: வளரிளம் பருவத்தில் நிக்கோட்டின் பெற்ற எலிகளுக்கு, அது நிறுத்தப்பட்டு வெகுநாள் ஆன பிறகும் கவனக்குறைவு நீடித்தது. முன்பகுதி மூளையின் நரம்பு இணைப்புகளிலேயே மாற்றம் தெரிந்தது. வளர்ந்த எலிகளுக்கு அதே நிக்கோட்டினைக் கொடுத்தபோது இந்த நீடித்த பாதிப்பு வரவில்லை. அவசரபுத்தி நிக்கோட்டினிடம் அழைத்துப் போகிறது. நிக்கோட்டின் பொறுமைக்குரிய பகுதியையே கெடுக்கிறது. எலியும் நீங்களும் ஒன்றல்ல என்பது உண்மைதான். அதற்காக, உங்கள் தலையை வைத்துச் சரிபார்த்துக்கொள்ளலாம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இங்கேதான் நான் அரசாங்கத்தோடு முரண்படுகிறேன். 2023 ஏப்ரலில் நிக்கோட்டின் திரவம் நச்சுப்பொருள் பட்டியலின் கட்டுப்பாட்டிலிருந்து விலக்கப்பட்டு அதற்கு வரி விதிக்கப்பட்டது. பொதுச் சுகாதாரத்திற்கான புகைப்பொருள் கட்டுப்பாட்டுச் சட்டம் 2024 அக்டோபர் முதல் தேதிதான் நடப்புக்கு வந்தது. இடைப்பட்ட ஒன்றரை ஆண்டில், நிக்கோட்டின் வேப்பைச் சிறுவர்களுக்கு விற்காதே என்று சொல்லத் தேசிய அளவில் சட்டமே இல்லை. அந்தச் சட்ட மசோதாவில் முதலில் ஒரு பிரிவு இருந்தது. 2007-ஆம் ஆண்டிலும் அதற்குப் பிறகும் பிறந்தவர்களுக்குப் புகைப்பொருள் எந்நாளும் விற்கக்கூடாது என்ற பிரிவு. ஆம், அது உங்களைப் பற்றியதுதான். எல்லாரும் சட்டத்தின்முன் சமம் என்ற அரசியலமைப்பின் 8-ஆவது விதிக்கு அது முரணாகலாம் என்ற காரணத்தால் நீக்கப்பட்டது. எஞ்சியது 18 வயது வரம்பு.

பிறந்த ஆண்டை வைத்துப் பிரிப்பது நியாயமா என்ற கேள்வியில் இரு பக்கமும் நியாயம் இருக்கிறது. அதைச் சட்டம் படிப்பவர்களிடம் விட்டுவிடுகிறேன். ஆனால் 18 என்ற எண்ணுக்கு மூளையில் எந்த ஆதாரமும் இல்லை. சிங்கப்பூர் 2021 முதல் சிகரெட்டுக்கு 21 வயது வரம்பு வைத்திருக்கிறது; வேப்பை முற்றாகத் தடைசெய்திருக்கிறது. நம் நாடும் குறைந்தது 21-க்குப் போக வேண்டும் என்பது என் நிலைப்பாடு. யாரிடம் எந்த ஏற்பி இருக்கிறது என்று தேடிப்பிடித்துக் காப்பாற்ற நம்மால் முடியாது. ஸ்வீடன் பாட்டிமாருக்குச் சமூகம் முரட்டுத்தனமாகச் செய்ததை, ஆண்-பெண் பேதமின்றிச் சட்டம் மூன்று ஆண்டுகளுக்காவது செய்யலாம். 18 வயதில் ஓட்டுப் போடலாம், ராணுவத்தில் சேரலாம், வேப் பிடிக்கக்கூடாதா என்று உங்களில் சிலர் கேட்பீர்கள். நல்ல கேள்விதான். ஆனால் நான்கைந்து ஆண்டுகளுக்குப் பிறகு "இப்போது விட்டுவிடுகிறேன்" என்று நீங்களே முடிவெடுக்கும்போது, அந்த முடிவை எடுத்துச் செல்ல வேண்டிய மூளைப்பகுதி நல்ல நிலையில் இருந்தால்தானே அது உங்கள் சுதந்திரம்?

பள்ளிகளிடமும் ஒன்று கேட்க வேண்டும். வேப்போடு பிடிபட்ட மாணவனைக் கட்டொழுங்கு ஆசிரியரின் அறையில் நிறுத்தி, "மனவுறுதி இல்லாதவன்" என்று சபையில் பேசுவது நம்மிடம் பழகிப்போன வழி. தண்டனை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. விதியை மீறினால் விளைவு இருக்கத்தான் வேண்டும். ஆனால் ஏற்பிகள் மரத்துப்போய், எண்ணிக்கை கூடி, காலை எட்டு மணிக்கே தவிக்கும் ஒரு மூளைக்கு மனவுறுதியைப் பற்றிய உரை மருந்தாகாது. ஆலோசக ஆசிரியரின் அறைக் கதவு முதலில் திறக்கட்டும்.

ஏற்கெனவே பழகிவிட்ட ஒருவர் இதைப் படிப்பீர்கள் என்றால், உங்களுக்கு இந்தக் கடைசிப் பகுதி. நிறுத்திய முதல் சில நாள்கள்தான் மிகக் கடுமையானவை. எரிச்சல், தூக்கமின்மை, கவனம் சிதறுதல் எல்லாம் வரும்; கூடிப்போன ஏற்பிகள் சில வாரங்களில் மெல்லப் பழைய நிலைக்கு இறங்கும். அதே ஏற்பிகளைப் பற்றிய அறிவு மருந்தும் தந்திருக்கிறது. மஞ்சள் பூங்கொத்துகள் தொங்கும் லபர்னம் என்ற ஐரோப்பிய மரத்தில் சைட்டிசின் என்ற பொருள் இருக்கிறது. நிக்கோட்டின் நுழையும் அதே பூட்டில் அரைகுறையாக நுழைந்து, தவிப்பையும் தணித்து, நிக்கோட்டினுக்கு இடமும் விடாமல் நிற்கும். பல்கேரியாவில் 1960-களிலிருந்தே அதை மாத்திரையாக விற்றார்கள். அதை முன்மாதிரியாக வைத்து உருவான வெரினிக்லின் 2006-இல் வந்தது. இவை பெரியவர்களுக்கான மருந்துகள். உங்கள் வயதில் எது பொருந்தும் என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். அரசாங்கச் சுகாதார நிலையங்களில் எம்-குவிட் என்ற பெயரில் புகைநிறுத்த உதவி கிடைக்கிறது. சிங்கப்பூர் வாசகர்களுக்கு ஐ-குவிட் இருக்கிறது. அங்கே போகும்போது, முதல்முறை இழுத்தபோது உங்களுக்குத் தலை சுற்றியதா இல்லையா என்பதையும் சொல்லுங்கள்.